புட்டுக்குழல் மெழுகுவர்த்தி

அக்டோபர் 4, சனி

கடைவாய்ப் பல்லுக்குப் போட்ட கேப் உயரமாக இருக்கிறது. வாயை மூடினால் மற்ற பற்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. தற்காலிகமாக ஒட்டியிருந்ததை டாக்டர் கழற்றி ஒரு சின்ன டப்பியில் போட்டு, "கீழ லேப்ல குடுத்துத் தேய்ச்சு வாங்கிட்டு வாங்க மேடம்" என்றார். நாற்பத்தெட்டு வயதில் சொந்தப் பல்லைக் கையில் ஏந்திக்கொண்டு படியிறங்கினேன்.

லேப் என்பது மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. பிளாஸ்டரில் வார்த்த யார் யாருடையவோ பல்வரிசைகள் அலமாரி முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தன. அங்கே வேலை செய்பவர் பெயர் அருளப்பன். என் வயதுதான் இருக்கும். டப்பியின் மேல் 'உலகம்மாள், 36' என்று எழுதிக்கொண்டார். முப்பத்தாறு என்பது என் பல்லின் எண்ணாம். அவர் கேப்பைத் தேய்த்துத் தரும்வரை அங்கேயே நின்றேன்.

மேசை ஓரத்தில் ஆறு மெழுகுவர்த்திகள் கிடந்தன. எல்லாம் கோணல். எல்லாம் பாதியில் அணைந்தவை. நான் அன்னியரிடம் பேச்சுக் கொடுப்பவள் அல்ல. ஆனால், "திரி ரொம்பத் தடிமன்" என்று சொல்லிவிட்டேன்.

"மேடம் மெழுகுவர்த்தி செய்வீங்களோ?"

"இல்ல. காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுக்கேன்."

"சரிதான். செய்யாமலே தெரியும்" என்றார். கிண்டலா மரியாதையா என்று தெரியவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

பல் இன்னும் லேசாக இடிக்கிறது. கல்லூரி விட்டதும் லேபுக்குப் போனேன். நீல மைத்தாளைக் கடிக்கச் சொன்னார். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மிஷினை ஒரு நொடி ஓடவிட்டு நிறுத்தினார்.

மெழுகுவர்த்தி யாருக்கு என்று கேட்டேன். மனைவிக்காம். பிலோமினா இறந்து மூன்று வருடமாகிறது. நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் பூசை நடக்கும். பிறகு சாமியார் ஒவ்வொரு கல்லறையாக வந்து செபம் சொல்லி மந்திரிப்பார். அவர் வரும்போது அங்கே மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்க வேண்டும். பிலோமினாவின் கல்லறை கிழக்குச் சுவரோரம், கடைசி வரிசை. அந்த இடத்தில் சுவர் இடிந்துகிடக்கிறது. வயல்காற்று நேராக வந்து அறையும். சாமியார் அங்கு வந்துசேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். மூன்று வருடமும் அதற்குள் அணைந்துவிட்டது.

"அணைஞ்சா திரும்பப் பொருத்தலாமே?"

"எல்லாரும் அதத்தான் செய்யுதாங்க. எங்க அத்தை விடமாட்டாங்க. ஒரே பொருத்துதான். அணைஞ்சா அணைஞ்சது. பிலோவுக்கு மனசு ஆறலன்னு சொல்லுவாங்க."

அத்தை என்பது பிலோமினாவின் தாயார். அருளப்பனோடுதான் இருக்கிறார்.

"கண்ணாடிக் கூண்டு?"

"முதல் வருஷம் வச்சோம். காத்துல சாஞ்சு தூள்தூளாயிட்டு. அது இன்னும் பெரிய சகுனமாப் போச்சு. இனி கண்ணாடியே ஆகாதுன்னுட்டாங்க."

கொஞ்ச நேரம் யாருடைய கீழ்வரிசையையோ துடைத்துக்கொண்டிருந்தார். "காய்ச்சல்தான, ரெண்டு நாள்ல போயிரும்னு நான்தான் சொன்னேன் மேடம். மூணாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அத்தை என்னய ஒரு வார்த்தை சொன்னதில்ல. மெழுகுவர்த்தியத்தான் சொல்லுவாங்க." பிறகு, "கோயம்புத்தூர்ல ஒரு பெரிய லேப்ல கூப்பிடுதாங்க. இந்த வருஷமும் அணைஞ்சா அத்தையக் கூட்டிட்டுப் போயிருவேன். நாலாவது தடவ நின்னு பாக்க என்னால ஆகாது" என்றார்.

சகுனம் என்று ஒன்று கிடையாது. காற்று உண்டு, எரிபொருள் உண்டு, ஆக்சிஜன் உண்டு. இந்த அபத்தத்தைப் பொய்யென்று நிரூபிக்க வேண்டும் என்பதற்காகத்தான் உதவுவதாகச் சொன்னேன். தவிர, ஒரு நல்ல லேப்காரர் போய்விட்டால் பாளையங்கோட்டைப் பற்களுக்கு நஷ்டம்.

அக்டோபர் 11, சனி

கண்டுபிடித்துவிட்டேன்!

காலையில் பல் தேய்க்கும்போது தோன்றியது. காற்றைத் தடுக்க வெளியே கூண்டு எதற்கு? மெழுகுவர்த்தியே தனக்குக் கூண்டாக இருக்கட்டும். வெளிச்சுவர், எளிதில் உருகாத கெட்டி மெழுகு. உள்ளே சாதாரண மெழுகு. அதையும் விளிம்புவரை நிரப்பக் கூடாது, நாலு விரற்கடை குறைவாக ஊற்ற வேண்டும். சுடர் முதல் நிமிடத்திலிருந்தே கிணற்றுக்குள் நின்று எரியும்.

எட்டரைக்கே லேப் வாசலில் நின்றேன். பல்லும் இடித்துக்கொண்டுதான் இருந்தது. அருளப்பன் அப்போதுதான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். ஒரு பில்லின் பின்புறத்தில் படம் வரைந்து காட்டினேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கெட்டி மெழுகு எங்கிட்டயே இருக்கு" என்றார். பல் வார்ப்பதற்கு வைத்திருக்கும் பச்சை மெழுகு. எண்பது டிகிரிக்குக் கீழே அசையாதாம். "அச்சுதான் வேணும். ரெண்டு பக்கமும் திறந்த குழாய். அடியில ஒரு மூடி. மூடி நடுவுல திரி போக ஓட்டை. பின்னாலருந்து தள்ளுனா முழுசா வெளிய வரணும்."

இருவரும் யோசித்துக்கொண்டு நின்றோம். அப்படியொரு பாத்திரத்தை நான் தினமும் காலையில் பார்க்கிறேன் என்பது வீடு திரும்பும் வழியில், பேருந்து நிறுத்தத்தில், சட்டென்று உறைத்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

செண்பகம் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் அவளுடைய புட்டுக்குழலை எடுத்தேன். அவள் என் தம்பி மனைவி. தம்பி மஸ்கட்டில் இருக்கிறான். அவளும் நானும்தான் வீட்டில். நாகர்கோவிலிலிருந்து அவள் சீராகக் கொண்டுவந்த எவர்சில்வர் குழல் அது. அடியில் சில்லு; அதில் ஆவி ஏற ஓட்டைகள். நடு ஓட்டையைத் திரிக்கு விட்டு, மற்றவற்றைக் கோதுமை மாவால் அடைத்தேன். குழலுக்குள் சுற்றிலும் இடைவெளி விட்டு ஒரு தைலப் பாட்டிலை நிறுத்தி, இடைவெளியில் பச்சை மெழுகை ஊற்றினேன். ஆறியதும் வெந்நீர் விட்டுப் பாட்டிலை உருவி, திரியைக் கோத்து, உள்ளே வெள்ளை மெழுகு. மெழுகு ஆறும்போது சுருங்குமல்லவா, பின்னாலிருந்து கரண்டிக் காம்பால் ஒரு தள்ளு, வழுக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றது. கைதட்டினேன். தனியாக இருக்கும்போது நான் கைதட்டியது இதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன்.

டேபிள் ஃபேன், ஒன்றாம் வேகம்: இருபத்திரண்டு நிமிடம்!

"மைனி, எம் புட்டுக்குழல் எங்க?" செண்பகம் வாசலில் நின்றாள்.

"சோதனைக்கு எடுத்தேன்."

"எங்கம்மை குடுத்ததாக்கும். அதுல திரியப் போட்டு வச்சிருக்கியளே!" மெழுகுவர்த்தியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. யாருக்கு?"

"ஒருத்தர் மனைவிக்கு."

"மனைவிக்கா?" என்றாள். ஃபேனை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

இரண்டாம் வேகம்: ஏழு நிமிடம். இன்று காலை உப்புமா.

அக்டோபர் 16, வியாழன்

காற்று அணைக்கவில்லை! இதை நான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். முதலாண்டு மாணவிக்கே தெரியும். சுடர் புகைந்து, சுருங்கி, தானாகச் சாகிறது. கிணறு ஆழம், உள்ளே புதுக்காற்று இறங்க வழியில்லை. காற்று அதிகமானாலும் அணையும், இல்லாமற் போனாலும் அணையும்.

பல் இடிப்பதால் லேபுக்குப் போக வேண்டியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அருளப்பன் மெழுகுவர்த்தியின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். "ஓட்டை போட்டா காத்து நேரா உள்ள போயிரும். பள்ளம் மாதிரி விட்டா?" பிறகு அலமாரியிலிருந்து ஒரு பல்லை எடுத்து என் முன் வைத்தார். "இங்க பாருங்க. கடைவாய்ப்பல்லு. அஞ்சு மேடு, நடுவுல வளைஞ்சு இறங்குத பள்ளம். மேட்டுல பட்ட காத்து ஒடைஞ்சு, பள்ளம் வழியா மெதுவா இறங்கும்."

இதற்குக் கணிதம் எழுத எனக்கு ஒரு வாரமாகும். அவர் பல்லைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

"உங்க முப்பத்தாறு இது" என்றார்.

என் பல்லின் பிளாஸ்டர் நகலைத்தான் எடுத்துக் காட்டியிருக்கிறார். அத்தனை பற்களில் கை நேராக அதற்குப் போனது தற்செயலாக இருக்கலாம்.

அக்டோபர் 18, சனி

புட்டுக்குழலையும் லேபுக்கே எடுத்துப்போய்விட்டேன். விளிம்பை அவரே செதுக்கினார். பல் செதுக்கும் சின்னக் கத்தி; மூச்சைப் பிடித்துக்கொண்டு செதுக்குகிறார். பிறகு அதன்மேல் சிலிகானை ஊற்றி அச்சு எடுத்தோம். நீல நிறம், ரப்பர் போல வளைகிறது. காலுறையைக் கழற்றுவது போல உரித்தால் மெழுகுவர்த்தி சேதமில்லாமல் வருகிறது. ஒரே அச்சில் ஐம்பது, அறுபது வார்க்கலாம். இரண்டாவதை ஊற்றினோம். மூன்றாவதை ஊற்றினோம். தேவைப்பட்டது ஒன்றுதான். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். தம்பி போனில் பேசினான். ஊரெல்லாம் வெடிச் சத்தத்தில் இருக்க, நான் அடுக்களையில் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தேன்.

"மைனி, அந்த லேப்காரருக்கு அதிரசம் குடுத்து விடுவமா?" என்றாள் செண்பகம்.

"எதுக்கு?"

"சும்மாதான். பல்லுக்கு நல்லது" என்றாள்.

அக்டோபர் 23, வியாழன்

மூன்றாம் வேகம். ஒரு மணி நாற்பது நிமிடம்!!

இரண்டு ஆச்சரியக்குறி போடுவது என் வழக்கமல்ல. அப்படியே இருக்கட்டும். ஃபேனை அறுபது சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து, தலையைச் சுற்றவிட்டு, சுற்றாமல் விட்டு, பக்கவாட்டில், மேலிருந்து, எல்லா வகையிலும் பார்த்துவிட்டேன். சுடர் உள்ளே குனிந்து நிமிர்ந்து ஆடுகிறது, அணையவில்லை. பச்சைச் சுவர் முழுக்க உள்ளிருந்து ஒளிர்கிறது. செண்பகம்கூட, "எம்மா!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஓடிப்போய்ச் சொன்னேன். ஓடி என்பது மிகையல்ல. பல் இடிப்பதையும் சொன்னேன்.

அக்டோபர் 25, சனி

இன்று அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

அருளப்பன் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தார். "இந்தத் தடவ பிலோ மனசு ஆறிரும் மேடம்" என்றார். எனக்குள் இருக்கும் ஆசிரியை எழுந்துவிட்டாள். இது எரிந்தால் அவர் மனம் ஆறியதாக அர்த்தமில்லை, அணைந்தால் ஆறவில்லை என்றும் அர்த்தமில்லை, இரண்டும் வெறும் மெழுகுதான் என்றேன். உங்களுக்கு வேண்டிய பதிலை நாமே உட்கார்ந்து வார்த்திருக்கிறோம் என்றும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கத்தியைத் துணியில் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

"அது எனக்கும் தெரியும். அப்பம் நீங்க எதுக்கு மேடம் இத்தன நாளா வாரீங்க?"

சகுனம் பொய் என்று நிரூபிக்க, என்று சொல்லியிருக்கலாம். பதில் தயாராகத்தான் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

விடைத்தாள் அறுபத்துநான்கு. திருத்தி முடித்தேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

"மைனி, பல்லுவலி போயிட்டோ? மூணு நாளா லேபு பக்கம் போவலியே" என்றாள் செண்பகம். உப்புமாவில் உப்பு அதிகம் என்றேன்.

அக்டோபர் 30, வியாழன்

ஒரு சோதனை பாக்கியிருந்தது. வீட்டு ஃபேன் வயல்காற்று ஆகாது. அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, இரண்டாவதாக வார்த்த மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். நான் இந்து, அதற்கு முன் அங்கே நுழைந்ததில்லை. வாசலில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவர் எந்தக் கல்லறை என்று கேட்டு வழி சொன்னார். நான் யார் என்று கேட்கவில்லை.

கிழக்குச் சுவரோரம். இடிந்த இடம் வழியாகக் காற்று என் சேலையைப் பிடுங்கியது. 'அ. பிலோமினா, வயது 43.' இருந்திருந்தால் என்னைவிட இரண்டு வயது இளையவர். சருகுகளை ஒதுக்கி மெழுகுவர்த்தியை வைத்தேன். நீளக் குச்சியில் திரி சுற்றி, கிணற்றுக்குள் விட்டுப் பொருத்தினேன்.

எண்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். எரிந்துகொண்டே இருந்தது. நானே ஊதி அணைத்தேன். நாங்கள் இருவரும் சேர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று எழுதினால் அது அறிவியல் ஆகாது. கிளம்பும்போது, "போயிட்டு வாரேன்" என்று சொன்னேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வருவது பழக்கமில்லை, அவ்வளவுதான்.

வழியில் லேபில் நின்றேன். "வயல்காத்துல எண்பத்தஞ்சு நிமிஷம்" என்றேன்.

அருளப்பன் நிமிர்ந்தார். "அங்க போனீங்களா?"

"போனேன். அன்னைக்கு நான் பேசினது..."

"சரியாத்தான் பேசினீங்க." ஸ்டூலில் இருந்த பல்வரிசைகளை எடுத்து, நான் உட்கார இடம் செய்தார். "ஞாயித்துக்கிழம வருவீங்கள்லா? ஏதாச்சும் கோளாறுன்னா எனக்குக் கெமிஸ்ட்ரி தெரியாது."

நவம்பர் 1, சனி

மழை இல்லை. நாளைக்கும் வேண்டாம். இது பிரார்த்தனை அல்ல, விருப்பம்.

நவம்பர் 2, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நாலரைக்குப் போனேன். சாம்பல் நிறச் சேலை. ஊரே அங்கே இருந்தது. செவ்வந்தி மாலை, சாம்பிராணி, பொரிகடலை. அருளப்பனின் அத்தை எஸ்தாக்கியம்மாள் கல்லறையோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெல்லிய உடம்பு, கனத்த குரல். மெழுகுவர்த்தியை வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"இது என்னது, பல்லு மாதிரி?"

"கடைவாய்ப்பல்லுதான் அத்தை."

"கல்லறைக்குப் பல்லு வச்ச முத ஆளு நீதாம்ல" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீதான் அந்தக் காலேஜ் டீச்சரா? உக்காரு. ஒரே பொருத்துதான், தெரியும்லா?"

"தெரியும்."

5.10: அருளப்பன் பொருத்தினார். சாமியார் முதல் வரிசையில் தொடங்கினார். வயதானவர், ஒவ்வொரு குடும்பத்திடமும் நின்று பேசுகிறார்.

5.30: காற்று கிளம்பியது. எங்களுக்கு இடப்புறம் நாலைந்து கல்லறைகளில் ஒரே வீச்சில் அணைந்தது. எல்லோரும் தீப்பெட்டியோடு குனிந்தார்கள். எங்கள் சுடர் உள்ளே ஒடுங்கி, மறுபடி நிமிர்ந்தது.

5.55: சாமியார் நடு வரிசையில் நின்றுவிட்டார். யாரோ பேரப்பிள்ளையின் படிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை எந்தக் கல்லூரியிலும் சேராமல் போகட்டும் என்று நினைத்தேன்.

6.15: இருட்டத் தொடங்கியது. காற்று ஃபேனின் மூன்றாம் வேகத்தையும் தாண்டிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியே நகர்ந்தது. அருளப்பன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மறைத்துப் பிடிக்கவில்லை. நானும் பிடிக்கவில்லை. சுவர் பச்சையாக ஒளிர்ந்தது. பக்கத்துக் கல்லறைக்காரர்கள் எழுந்துவந்து வேடிக்கை பார்த்தார்கள். "எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார் ஒருவர்.

6.22: சாமியார் வந்தார். எரிந்துகொண்டிருந்தது! எழுபத்திரண்டு நிமிடம்! அவர் செபம் சொன்னார். அருளப்பன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சாமியார் தீர்த்தச் செம்பில் குச்சியை நனைத்து, கல்லறைமேல் வீசித் தெளித்தார்.

'சுர்' என்றது. புகை எழுந்தது. இருட்டு.

தீர்த்தம் தெளிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. அருளப்பனுக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். ஆனால் அது விழும் நேரத்தில் மூன்று வருடமாக அங்கே அணைவதற்கு எதுவும் இருந்ததில்லை. எல்லாத் திசையிலிருந்தும் வரும் காற்றுக்கு வழி அடைத்தோம். மேலே கிணற்றைத் திறந்து வைத்திருந்தோம்.

சாமியார் அடுத்த கல்லறைக்குப் போய்விட்டார். அருளப்பனின் முகம் பிளாஸ்டர் நிறத்தில் இருந்தது. கோயம்புத்தூருக்கு எத்தனை மணிக்கு ரயில் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்த்துவைத்திருந்ததை இங்கே எழுதவில்லை.

எஸ்தாக்கியம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்து, குனிந்து, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏன் ரெண்டு பேரும் பேயறஞ்ச மாதிரி நிக்கிய?"

"அத்தை, அணைஞ்சிட்டு..."

"தண்ணி ஊத்துனா அணையாம என்னல செய்யும்? சாமியார் வாரது வரைக்கும் நின்னுச்சா, இல்லையா?"

"நின்னுச்சு."

"பிலோ தீர்த்தம் வாங்கிக்கிட்டா. அவ்வளவுதான், போதும்னுட்டா." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்பம் நானும் ரெண்டு நாள்ல போயிரும்னுதாம்ல சொன்னேன். நீ மட்டுமா சொன்ன?"

அருளப்பன் அப்படியே கல்லறை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். எஸ்தாக்கியம்மாள் அவர் தலையில் கைவைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "திரும்பப் பொருத்தும்மா. வீட்டுக்குப் போகுதது வரைக்கும் எரியட்டும்" என்றார்.

"ஒரே பொருத்துன்னு சொன்னீங்களே?"

"அது சாமியார் வாரது வரைக்கும். ரொம்பச் சட்டம் பேசாத. செஞ்சது நீதான, நீயே பொருத்து."

திரியில் ஈரம். மூன்று முறை பிடிக்கவில்லை. நாலாவது முறை பிடித்தது. பிடித்த பிறகும் கையால் மறைத்துக்கொண்டே இருந்தேன். காற்று.

நவம்பர் 3, திங்கள்

கோயம்புத்தூருக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாராம். ஊர்ப் பற்களுக்கு நல்லது.

பக்கத்துக் கல்லறைக்காரர்களில் எட்டுப் பேர் அடுத்த வருடத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். தீர்த்தத்துக்கு ஒரு வழி செய்ய வேண்டும். சுடருக்கு மேலே சின்னக் குடை மாதிரி ஒன்று, தகடாக இருக்கலாம். அதற்கு இன்னோர் அச்சு. அருளப்பன் இப்போதே வரையத் தொடங்கிவிட்டார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, அது தப்பு, இது தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

புட்டுக்குழல் இன்னும் லேபில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவரே வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறாராம், அத்தையும் வருகிறாராம். செண்பகத்திடம் சொன்னேன். "வரட்டும். அந்தக் குழல்லயே புட்டு அவிச்சு வைக்கேன். மெழுகு வாசம் அடிச்சாலும் அவங்கதான் திங்கணும்" என்றாள். இப்போதே அரிசி ஊறப்போடுவது பற்றிப் பேசுகிறாள். இன்று திங்கள்.

கிளம்பும்போது அருளப்பன், "பல்லு எப்படி இருக்கு மேடம்?" என்றார்.

"இன்னும் லேசா இடிக்கு."

அவர் டப்பியை எடுக்கவில்லை, நீலத் தாளை எடுக்கவில்லை. "அது நாலாந்தேதியே சரியாயிட்டு மேடம்" என்றார்.

ஆகவே ஒரு திருத்தம். அக்டோபர் 7, 11, 16, 23 ஆகிய தேதிகளில் பல் இடிப்பதாக எழுதியிருக்கிறேன். அந்த வரிகளை இப்போது அடித்துவிட்டேன். மற்றவை எல்லாம் சரி.